ஸ்கூல் போர்டு பெட்டிஷன் (இல்லினாய்): கிரீன் கார்டில் இருப்பவர் கையெழுத்து வாங்கலாமா?

ஆரோரா வாசி:

வணக்கம். 2027 ஏப்ரல் தேர்தலில் இந்தியன் ப்ரெய்ரி 204 பள்ளி மாவட்டத்தின் ஸ்கூல் போர்டுக்கு என் மனைவி நிற்கப் போகிறார். அவர் சிட்டிசன், ஓட்டர் பதிவும் இதே முகவரியில் இருக்கிறது. நான் இன்னும் கிரீன் கார்டுதான். அவருக்கு வேலை நெருக்கடி என்பதால் பெட்டிஷன் (வாக்குச்சீட்டில் பெயர் வர வாக்காளர்களிடம் கையெழுத்து வாங்கிக் கொடுக்கும் மனு) பொறுப்பை நான் எடுத்துக்கொள்ளலாம் என்று பேசி வைத்திருக்கிறோம். 50 கையெழுத்து போதுமாம். ஒரு ஞாயிற்றுக்கிழமை பாலாஜி கோயில் வாசலில் நின்றால் முடிந்துவிடும் என்று நினைக்கிறேன். இது சரிப்பட்டு வருமா?

தாக்கல் செய்ய வேண்டிய தேதியும் குழப்பமாக இருக்கிறது. ஒரு இடத்தில் டிசம்பர் என்கிறார்கள், இன்னொரு இடத்தில் நவம்பர். தமிழ்ச் சங்க மெயில் பட்டியலில் ஆதரவு கேட்டு ஒரு வரி போடலாமா என்பதையும் தெரிந்தவர்கள் சொன்னால் உதவியாக இருக்கும்.


டூபேஜ் கணக்குப்பிள்ளை:

முதல் கேள்விக்கு நேரடியான பதில்: நீங்கள் வாங்கக் கூடாது. பெட்டிஷனின் ஒவ்வொரு தாளுக்கும் அடியில் சர்க்குலேட்டரின் (கையெழுத்து வாங்குபவரின்) உறுதிமொழி அச்சாகியிருக்கும். "நான் 18 வயது நிரம்பியவன், அமெரிக்கக் குடிமகன், இந்தத் தாளில் உள்ள கையெழுத்துகள் என் முன்னிலையில் போடப்பட்டவை" என்று நோட்டரி முன்பு சத்தியம் செய்து கையெழுத்துப் போட வேண்டும். கிரீன் கார்டில் இருக்கும் ஒருவர் அதில் கையெழுத்திட்டால் அந்தத் தாள் செல்லாமல் போவதோடு நிற்காது. சிட்டிசன் அல்லாதவர் சிட்டிசன் என்று பொய்யாகச் சொல்வது குடியேற்றச் சட்டத்தில் மிகப் பெரிய விஷயம். பின்னால் குடியுரிமைக்கு விண்ணப்பிக்கும்போது மன்னித்து விடுகிற தவறுகளின் வரிசையில் அது வராது.

இதற்கு வழக்கமாக ஒரு குறுக்கு வழி சொல்வார்கள்: "நீங்க வாங்குங்க, அடியில வீட்டம்மா கையெழுத்துப் போட்டுடட்டும்." அதைச் செய்யவே செய்யாதீர்கள். அவர் பார்க்காத கையெழுத்தைப் பார்த்ததாகச் சத்தியம் செய்வது பொய்ச்சத்தியம். கோயில் வாசலில் கையெழுத்துப் போட்ட ஒருவர் விசாரணையில் வந்து "என்கிட்ட வாங்கினது ஒரு ஆம்பளை" என்று சொன்னால் போதும். அந்த ஒரு தாளோடு விடாமல், அவர் சர்க்குலேட்டராக இருக்கும் எல்லாத் தாள்களையும் தள்ளுபடி செய்ய இடம் இருக்கிறது. வேட்பாளரே அந்தச் சர்க்குலேட்டர் என்றால் கதை அங்கேயே முடிந்தது.

சரியான ஏற்பாடு இதுதான். அவரே வீடு வீடாகப் போகட்டும். நீங்கள் கூடப் போகலாம், கதவைத் தட்டலாம், பேசலாம், கிளிப்போர்டைப் பிடித்துக்கொள்ளலாம். ஆனால் ஒவ்வொரு கையெழுத்தும் விழும்போது அவர் அங்கே நின்று கண்ணால் பார்க்க வேண்டும். அவருக்கு நேரமில்லை என்றால் சிட்டிசனாக இருக்கும் இரண்டு நண்பர்களைச் சர்க்குலேட்டர்களாகப் போடுங்கள். அவர்கள் 204-க்குள் குடியிருக்க வேண்டிய கட்டாயம் இல்லை. 18 முடிந்த சிட்டிசன் பிள்ளை வீட்டில் இருந்தால் அதுவும் செய்யலாம்.

தேதி: டிசம்பர் என்பது பழைய கணக்கு. 2023 தேர்தல் வரை அப்படித்தான் இருந்தது. பிறகு சட்டத்தை மாற்றி, தேர்தலுக்கு 141 நாள் முன்பிலிருந்து 134 நாள் முன்பு வரை என்று ஆக்கினார்கள். 2025 ஏப்ரல் 1 தேர்தலுக்கு 2024 நவம்பர் 12 முதல் 18 வரை தாக்கல் நடந்தது (11-ஆம் தேதி வெட்டரன்ஸ் டே விடுமுறை). 2027 ஏப்ரல் 6-க்கு அதே கணக்கைப் போட்டால் 2026 நவம்பர் 16 முதல் 23 வரை வருகிறது. கையெழுத்து வாங்கத் தொடங்குவது கடைசி நாளுக்கு 90 நாள் முன்பு, அதாவது ஆகஸ்ட் 25. அதற்கு ஒரு நாள் முன்னால் வாங்கிய கையெழுத்தும் செல்லாது. ஸ்டேட் போர்ட் ஆஃப் எலெக்‌ஷன்ஸ் ஒவ்வொரு தேர்தலுக்கும் வேட்பாளர் கையேடு வெளியிடும். அதில் இருக்கும் தேதியே இறுதி. பள்ளி மாவட்டத்தின் பழைய பிடிஎஃப் எதையும் நம்பாதீர்கள்.

தாக்கல் செய்யும் இடம் பள்ளி மாவட்ட அலுவலகம் அல்ல, கவுண்டி கிளார்க். 204-க்கு அது டூபேஜ் கவுண்டி, வீட்டனில். டூபேஜில் முன்பு தேர்தல் கமிஷன் என்று தனியாக ஒன்று இருந்தது. 2019-ல் அதைக் கிளார்க் அலுவலகத்தோடு சேர்த்துவிட்டார்கள். பழைய பக்கங்களில் கமிஷன் என்று பார்த்தால் குழம்ப வேண்டாம்.


நேப்பர்வில் செல்வி:

கோயில் வாசல் திட்டத்தைக் கைவிட்டுவிடுங்கள் அண்ணா. பாலாஜி கோயில் இருப்பது ஆற்றுக்கு மேற்கே, சல்லிவன் ரோட்டில். 204 இருப்பது ஊரின் கிழக்குப் பக்கம். ஆரோரா என்று முகவரி இருந்தாலே 204 என்று அர்த்தமில்லை. வெஸ்ட் ஆரோரா 129, ஈஸ்ட் ஆரோரா 131, ஆஸ்வீகோ 308 எல்லாமே ஆரோரா முகவரிக்குள் வருகின்றன. நேப்பர்வில்லிலும் பாதி 203. ஞாயிற்றுக்கிழமை கோயிலுக்கு வருகிற கூட்டம் போலிங்புரூக்கிலிருந்து ஷாம்பர்க் வரைக்கும். வாங்கும்போது எல்லாரும் அன்பாகப் போட்டுக் கொடுப்பார்கள், வீட்டில் உட்கார்ந்து சரிபார்த்தால் பாதிக்கு மேல் தேறாது.

கிளார்க்கிடம் வாக்காளர் பட்டியல் வாங்குங்கள். 204 வில் கவுண்டிக்குள்ளும் போகிறது, அந்தப் பக்கத்து வீடுகளுக்கு ஜோலியட்டில் உள்ள வில் கவுண்டி கிளார்க்கின் பட்டியல் வேண்டும். பட்டியலில் இருக்கிற பெயர், முகவரியை வைத்துக்கொண்டு உங்கள் சப்டிவிஷனிலும் பக்கத்து இரண்டு சப்டிவிஷனிலும் நடந்தாலே வேலை முடிந்துவிடும்.

நம்ம ஆட்கள் வீட்டில் குறிப்பாகக் கவனிக்க வேண்டியவை:

கணவன் மனைவிக்கும் சேர்த்துப் போடுவது. "அவ குளிச்சிட்டு இருக்கா, நானே போட்டுடறேன்" என்பார்கள். விடாதீர்கள். ஒரே கையில் எழுதிய இரண்டு வரி அடுத்தடுத்து இருந்தால் பெட்டிஷன் செல்லாது என்று ஆட்சேபணை போடுபவர் கண்ணில் முதலில் படுவது அதுதான். வேண்டுமானால் இன்னொரு நாள் வாருங்கள்.

வீடு மாறியவர்கள். புது வீட்டுக்கு வந்து இரண்டு வருடமாகியும் ஓட்டர் பதிவு பழைய அபார்ட்மென்டில் இருக்கும். பெட்டிஷனில் எழுதும் முகவரியில் அவர் பதிவாகியிருக்க வேண்டும். முதலில் பதிவை மாற்றச் சொல்லிவிட்டுப் பிறகு கையெழுத்து வாங்குங்கள், ஆன்லைனிலேயே மாற்றலாம்.

கையெழுத்து. பதிவுப் படிவத்தில் உள்ள கையெழுத்தோடுதான் ஒப்பிடுவார்கள். குடியுரிமை வாங்கியபோது அப்பா பெயரை லாஸ்ட் நேம் ஆக்கி முழுதாக எழுதியிருப்பார், இங்கே பழக்கத்தில் இனிஷியல் போட்டு ஒரு சுழி சுழித்துவிடுவார். தமிழில் கையெழுத்துப் போடுபவர்களும் இருக்கிறார்கள். பதிவிலும் தமிழ்க் கையெழுத்து என்றால் தாராளமாகப் போடட்டும், பதிவில் ஆங்கிலம் என்றால் இங்கேயும் அதே மாதிரி. பக்கத்தில் பெயரை அச்செழுத்தில் எழுத வைத்துவிடுங்கள். முகவரியில் மேலே உள்ளபடி என்று இரட்டைக் கோடு போடவிடாமல் முழுதாக எழுத வையுங்கள்.

எல்லாவற்றையும் விட முக்கியமானது, கதவு திறந்ததும் "நீங்க இங்க ரிஜிஸ்டர்ட் ஓட்டரா?" என்று கேட்பது. ஹெச்-1, கிரீன் கார்டு ஆட்கள் தெரியாமல் ஆர்வத்தில் போட்டுவிடுவார்கள். "ரிஜிஸ்டர் பண்ணிட்டா போடலாமா?" என்று அப்பாவியாகக் கேட்பவர்களும் உண்டு. சிட்டிசன் ஆகாமல் ஓட்டர் பதிவு செய்யவே கூடாது என்று அழுத்திச் சொல்லிவிட்டு நகருங்கள்.

50 வேண்டும் என்றால் 120 வாங்குங்கள். ஒரு தாளில் 10 வரி என்றால் 12 தாள்.


திண்ணைப்பேச்சு:

ஏங்க, இவ்வளவு பயமுறுத்தணுமா? ஸ்கூல் போர்டுக்கு கட்சியே கிடையாது, சம்பளமும் கிடையாது. இதுக்கு யாருங்க ஆட்சேபணை போடப் போறா? 55, 60 வாங்கி எல்லாத்தையும் ஒரே நாள்ல பேங்க்ல கொடுத்து நோட்டரி முத்திரை குத்திட்டா போதும்.


மனுநீதி:

திண்ணைப்பேச்சு சாருக்கு: இல்லினாய் அரசியலில் எதிராளியைத் தேர்தலில் தோற்கடிப்பதை விடப் பெட்டிஷனில் தோற்கடிப்பது மலிவு என்பது பழைய பாடம். 1996-ல் மாநில செனட் பிரைமரியில் (கட்சி வேட்பாளரைத் தேர்ந்தெடுக்கும் முதல்கட்டத் தேர்தலில்) பராக் ஒபாமாவின் ஆட்கள் பதவியில் இருந்த ஆலிஸ் பால்மர் உட்பட எதிர்த்து நின்ற நால்வரின் பெட்டிஷனையும் வரிவரியாக அலசி ஆட்சேபணை போட்டார்கள். ஒருவரும் மிஞ்சவில்லை. பிரைமரியில் அவர் மட்டும்தான் நின்றார். அவர் செய்தது முழுக்கச் சட்டப்படி. கட்சி இல்லை என்பதால் ஸ்கூல் போர்டில் இது நடக்காது என்று யாரும் எண்ண வேண்டாம். புத்தகத் தடை, எல்லை மாற்றம், வரி என்று சண்டை சூடாக இருக்கும் மாவட்டங்களில் இரண்டு அணிகள் எப்படியும் உருவாகிவிடுகின்றன.

ஆட்சேபணை போடக் கட்டணம் கிடையாது. அந்தப் பள்ளி மாவட்டத்தின் வாக்காளர் யாராக இருந்தாலும் போடலாம். தாக்கல் முடிந்த கடைசி நாளிலிருந்து 5 வேலை நாள் அவகாசம். விசாரிப்பது கவுண்டி எலெக்டோரல் போர்டு. கவுண்டி கிளார்க், ஸ்டேட்ஸ் அட்டர்னி (கவுண்டியின் அரசு வழக்கறிஞர்), சர்க்யூட் கோர்ட் கிளார்க் அல்லது அவர்கள் அனுப்பும் ஆட்கள் உட்கார்ந்திருப்பார்கள். அங்கே தோற்றால் 5 நாளுக்குள் சர்க்யூட் கோர்ட்டுக்குப் போக வேண்டும். பணச் செலவு வக்கீலில் ஆரம்பிக்கிறது. 58 கையெழுத்து கொடுத்தவர் ஒன்பதை இழந்தால் போச்சு. 120 கொடுத்தவர்மேல் ஆட்சேபணை போட யாருக்கும் மனசு வராது, கணக்கு தேறாது என்று தெரியும். அதிகமாக வாங்குவதன் உண்மையான பலன் அதுதான்.

நோட்டரி விஷயத்தில் நீங்கள் சொன்னது பாதி சரி, மொத்தமாகக் கொடுப்பதில் தவறில்லை. ஆனால் அந்தந்தத் தாளின் சர்க்குலேட்டர் நேரில் வந்து, நோட்டரி கண்முன் கையெழுத்திட வேண்டும். வேட்பாளர் எல்லார் தாளையும் அள்ளிக்கொண்டு போய்த் தெரிந்த நோட்டரியிடம் முத்திரை வாங்கி வருவது செல்லாது. முத்திரைத் தேதி அந்தத் தாளின் கடைசிக் கையெழுத்துக்கு முந்தியதாக இருக்கக் கூடாது. முத்திரை குத்திய தாளில் இரண்டு வரி காலியாக இருக்கிறதே என்று பிறகு யாரையாவது போட வைத்தால் அதுவும் கெட்டது. பல நூலகங்களில் நோட்டரி இலவசம், முன்கூட்டியே நேரம் கேட்டு வைத்துக்கொள்ளுங்கள்.

பெட்டிஷனின் தலைப்புப் பகுதியை கையெழுத்து வாங்கும் முன்பே முழுதாக நிரப்பி அதை நகலெடுங்கள். பெயர், முகவரி, பதவி, மாவட்ட எண், தேர்தல் தேதி. பதவி என்ற இடத்தில் ஒரு கண்ணி உண்டு. போர்டில் 7 பேர், பதவிக்காலம் 4 வருடம். நடுவில் யாராவது விலகியிருந்தால் அதே தேர்தலில் 2 வருட இடமும் பேலட்டில் (வாக்குச்சீட்டில்) வரலாம். எந்த இடத்துக்கு நிற்கிறார் என்று பெட்டிஷனில் தெளிவாக இல்லாவிட்டால் அது ஒன்றே ஆட்சேபணைக்குப் போதும். ஆகஸ்டிலேயே கிளார்க்கிடமோ மாவட்டத்திடமோ எத்தனை இடம், எத்தனை வருடம் என்று கேட்டுவிடுங்கள். பெயருக்கு முன்னால் டாக்டர் போட ஆசைப்பட வேண்டாம், பட்டங்கள் பேலட்டில் வராது.

கேட்காத ஒன்று, ஆனாலும் சொல்லி வைக்கிறேன். பெட்டிஷன் அடிபட்டுவிட்டால் ரைட்-இன் என்ற கதவு திறந்திருக்கிறது. சாதாரணமாகத் தேர்தலுக்கு 61 நாள் முன்பு அறிவிப்பைத் தாக்கல் செய்ய வேண்டும். ஆட்சேபணையில் விழுந்தவருக்கு அந்த நாள் தாண்டிவிட்டால் தேர்தலுக்கு 7 நாள் முன்பு வரை நேரம் உண்டு. ஆனால் நம்ம நீளமான பெயரை வாக்காளர் கையால் எழுத வேண்டும். அதை நம்பி இறங்காதீர்கள்.


ஆரோரா வாசி:

எல்லாருக்கும் நன்றி. கோயில் திட்டம் கைவிடப்பட்டது. சர்க்குலேட்டர்களாக மனைவியும் சிட்டிசன் நண்பர்கள் இருவரும்.

இன்னும் இரண்டு சந்தேகம். பெட்டிஷன் தாளோடு வேறு என்னென்ன கட்டிக் கொடுக்க வேண்டும்? முதல் நாளே வரிசையில் நிற்க வேண்டும் என்கிறார்களே, அதில் என்ன லாபம்? பிறகு, கையெழுத்துதான் வாங்கக் கூடாது, பணமாவது நான் போடலாமா?


டூபேஜ் கணக்குப்பிள்ளை:

கட்டு இப்படி இருக்கட்டும். மேலே ஸ்டேட்மென்ட் ஆஃப் கேண்டிடசி (வேட்பாளரின் உறுதிமொழி), இதற்கும் நோட்டரி வேண்டும். "இந்தப் பதவிக்குச் சட்டப்படி தகுதி உள்ளவர்" என்று அதில் சத்தியம் செய்கிறார். தகுதி என்பது சிட்டிசன், 18 வயது, பதிவான வாக்காளர், தேர்தலுக்கு முன் ஒரு வருடம் மாவட்டத்துக்குள் குடியிருப்பு. அதன்பின் லாயல்டி ஓத் (விசுவாச உறுதிமொழி). இது கட்டாயமில்லை, வைக்காவிட்டாலும் பெட்டிஷன் செல்லும். பிறகு ஸ்டேட்மென்ட் ஆஃப் எகனாமிக் இன்டரெஸ்ட்ஸ் (வருமானம், சொத்து விவரப் படிவம்) தாக்கல் செய்ததற்கான ரசீது. பிறகு கையெழுத்துத் தாள்கள்.

அதிகம் பேர் வழுக்குவது இந்த ரசீதில்தான். வருமானம், சொத்து விவரப் படிவத்தைக் கவுண்டி கிளார்க்கிடம் தனியாகத் தாக்கல் செய்ய வேண்டும். அதற்குக் கிடைக்கும் ரசீதைத் தாக்கல் காலத்தின் கடைசி நாளுக்குள் பெட்டிஷன் கொடுத்த இடத்தில் சேர்க்க வேண்டும். படிவம் போட்டாச்சு என்று நினைத்து ரசீதை மறந்தவர்கள் பேலட்டிலிருந்து விழுகிறார்கள். படிவத்தில் பள்ளி மாவட்டத்தின் பெயரும் பதவியும் சரியாக இருக்க வேண்டும். அவர் ஏற்கனவே ஏதாவது நகரக் கமிஷனில் இருந்து அதற்காக ஒரு படிவம் போட்டிருந்தால் அது இதற்குச் செல்லாது.

தாள்கள் எல்லாம் ஒரே அளவு, அசல் மட்டும். ஒரு ஓரத்தில் ஸ்டேப்ளர் அல்லது ஏதாவது பிணைப்பால் புத்தகம் போல் கட்டி, 1, 2, 3 என்று பக்க எண் போடுங்கள். எண் போடுவது கடைசி வேலையாக இருக்கட்டும். மூன்று சர்க்குலேட்டர்கள் ஆளுக்கொரு 1-ஆம் பக்கம் போட்டுக்கொண்டு வந்தால் சிக்கல். கட்டும் முன் முழுதாக ஒரு நகல் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள், ஆட்சேபணை வந்தால் அதுதான் கையில் இருக்கும். கொடுத்த பிறகு ஒரு தாளைச் சேர்க்கவோ திருத்தவோ முடியாது. சந்தேகமான கையெழுத்தை நீக்க வேண்டுமானால் தாக்கலுக்கு முன்பே அதற்கென்று உள்ள படிவத்தோடு நீக்க வேண்டும். வெறுமனே பேனாவால் அடித்தால் அதையே ஒரு கேள்வியாக்குவார்கள்.

வரிசை விஷயம்: முதல் நாள் காலை 8 மணிக்குக் கதவு திறக்கும்போது நிற்கும் எல்லாரும் ஒரே நேரத்தில் தாக்கல் செய்ததாகக் கணக்கு. அவர்களுக்குள் குலுக்கல் போட்டு பேலட்டில் முதல் இடம் யாருக்கு என்று முடிவு செய்வார்கள். அதனால் விடியற்காலை 4 மணிக்குப் போர்வையோடு போனாலும் 7:50-க்குப் போனாலும் ஒன்றுதான். கடைசி நாளின் கடைசி ஒரு மணி நேரத்தில் கொடுப்பவர்களுக்குக் கடைசி இடத்துக்கான குலுக்கல் இருக்கிறது, நீளமான பட்டியலில் கடைசிப் பெயரும் கண்ணில் படும் என்று சிலர் அதைக் குறி வைக்கிறார்கள். என் அபிப்பிராயம், முதல் நாள் 8 மணி. தாளில் ஏதாவது பெரிய ஓட்டை இருந்து அன்றே தெரிய வந்தால், அந்தத் தாக்கலை வாபஸ் வாங்கிவிட்டுப் புதிதாகத் தொடங்க ஒரு வாரமாவது கையில் இருக்கும். கடைசி நாள் 4:30 மணிக்குப் போனவருக்கு அது கிடையாது.


நேப்பர்வில் செல்வி:

பணத்துக்கு: கிரீன் கார்டு உள்ளவர் தேர்தல் நன்கொடை தரலாம், கூட்டரசுச் சட்டம் தடுக்கவில்லை. ஹெச்-1, எல்-1, எஃப்-1 விசாவில் இருப்பவர்கள் ஸ்கூல் போர்டு அளவுத் தேர்தலுக்குக்கூட ஒரு டாலர் கொடுக்கக் கூடாது. யார்டு சைனுக்கு (வீட்டு முன் நடும் பிரசாரப் பலகைக்கு) அவர்கள் கார்டைத் தேய்த்தாலும் அது நன்கொடைதான். அவர்கள் சம்பளம் இல்லாமல் உழைக்கலாம்: சைன் நடலாம், துண்டுப் பிரசுரம் மடிக்கலாம், வீடு வீடாக வந்து பேசலாம். எதற்கு எவ்வளவு செலவழிப்பது என்ற முடிவில் மட்டும் கலந்துகொள்ளக் கூடாது. வாட்ஸ்அப் குழுவில் நன்கொடை கேட்கும்போது இதை முதல் வரியிலேயே எழுதிவிடுங்கள், பிறகு திருப்பிக் கொடுத்துக்கொண்டிருப்பது பெரும் தலைவலி.

12 மாதத்துக்குள் வரவோ செலவோ 5,000 டாலரைத் தாண்டினால் டி-1 படிவம் போட்டுக் கமிட்டி அமைக்க வேண்டும், 10 வேலை நாளுக்குள். சைன், தபால் என்று சேரும்போது அந்தத் தொகை சீக்கிரம் வந்துவிடும். தபால் அனுப்பும் எண்ணம் இருந்தால் முதல் நாளிலிருந்தே கணக்கு நோட்டு வைத்துக்கொள்ளுங்கள்.

தமிழ்ச் சங்க மெயில் வேண்டாம். 501(சி)(3) அமைப்பு, அதாவது வரிவிலக்கு பெற்ற பொதுநல அமைப்பு, எந்த வேட்பாளரையும் ஆதரிக்கவோ எதிர்க்கவோ கூடாது, வரிவிலக்கே போய்விடும். சங்கத் தலைவர் தன் சொந்தப் பெயரில், சொந்த மெயிலிலிருந்து எழுதலாம். எல்லா வேட்பாளர்களையும் ஒரே மாதிரி அழைத்துக் கேள்வி பதில் கூட்டம் நடத்தினால் அதில் தவறில்லை, உங்கள் வீட்டாருக்கும் அதுதான் நல்ல மேடை. பள்ளி ஆசிரியர்களிடம் பள்ளி மெயிலிலோ வேலை நேரத்திலோ ஆதரவு கேட்காதீர்கள்.

சைன் விஷயத்தில் வீட்டு முன்னால் எப்போது வைக்கலாம் என்று நகராட்சி நாள் குறிக்க முடியாது, மாநிலச் சட்டம் தடுக்கிறது. அளவுக்குக் கட்டுப்பாடு போடலாம். ஹெச்ஓஏ-வின் (வீட்டு உரிமையாளர் சங்கத்தின்) விதி வேறு, அதைப் படித்துப் பாருங்கள். நடைபாதைக்கும் ரோட்டுக்கும் நடுவில் உள்ள புல்பட்டையில் நட்டால் நகராட்சி ஆட்கள் பிடுங்கிப் போய்விடுவார்கள்.


திண்ணைப்பேச்சு:

சரி, 120-ன்னே வெச்சுக்கோங்க. சிகாகோ நகருக்குள்ள இருக்கறவங்க யாராவது இதைப் படிச்சா ஒரு வார்த்தை: இதெல்லாம் உங்களுக்கு இல்ல. அங்க ஸ்கூல் போர்டுக்கு 2024 நவம்பர்லதான் முதல் தடவையா தேர்தல் நடந்துச்சு, 2026 நவம்பர்ல 21 இடத்துக்கும். தேதி, கையெழுத்து எண்ணிக்கை எல்லாமே தனி.


மனுநீதி:

சரியாகச் சொன்னீர்கள். ஆரோரா வாசிக்குக் கடைசியாக ஒன்று: மனைவியின் ஓட்டர் பதிவில் இருக்கிற பெயரை இன்றைக்கே எடுத்துப் பாருங்கள். பெட்டிஷன், ஸ்டேட்மென்ட் ஆஃப் கேண்டிடசி, எகனாமிக் இன்டரெஸ்ட்ஸ் மூன்றிலும் எழுத்துக்கு எழுத்து அதே பெயர். ஒன்றில் இனிஷியல், ஒன்றில் முழுப்பெயர் என்று போகக் கூடாது. பதிவில் எழுத்துப்பிழை இருந்தால் ஆகஸ்ட் 25-க்கு முன்பே திருத்திவிடுங்கள்.